நிலத்துக்குக் கணக்கு உண்டு, நீருக்கு?

ஒசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையிலே இருக்கிறது உத்தனப்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டம், சூளகிரி வட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் எல்லைப்புறம். கேழ்வரகும் கொள்ளும் அவரையும் வானத்தை நம்பி விளைந்த மேட்டு நிலம். ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு தக்காளியும் முட்டைக்கோசும் ரோஜாவும் விளைகின்ற நிலம். இன்றோ, ஆலைகளின் மதிற்சுவர்கள் நெருங்கி வந்துகொண்டிருக்கின்ற நிலம்.

2023-ஆம் ஆண்டு, உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய ஊராட்சிகளைச் சேர்ந்த உழவர்கள், சிப்காட் தொழிற்பேட்டைக்காக விளைநிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து, பல நாள் தொடர்ந்து காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அவர்களைப் பற்றி இரண்டு குரல்கள் எழுந்தன. "பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" என்றது ஒரு குரல். "ஊருக்குச் சோறு வேண்டாமா?" என்றது மற்றொரு குரல். இரண்டும் நேர்மையான கேள்விகளே. வேலை தேடி மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கு ஓடிய தலைமுறையைக் கண்ட மாவட்டம் இது. ஒசூரில் சிப்காட் வந்து, லாரி ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் கைக்கடிகார ஆலையும் வந்த பிறகே அந்த ஓட்டம் தணிந்தது. உத்தனப்பள்ளிக்கு அண்மையில் எழுந்துள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலே இன்று பல்லாயிரம் இளம்பெண்கள் உழைக்கிறார்கள். அந்தப் பெண்கள் கையில் பெறும் ஊதியத்தை இகழ்ந்து பேச நமக்கு உரிமை இல்லை. தக்காளிக் கூடை சுமக்கும் அவர்களுடைய தாய்மாரின் கண்ணீரைக் காணாததுபோல் நடக்கவும் நமக்கு உரிமை இல்லை.

ஆனால், இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியிலே மூன்றாவது கேள்வி ஒன்று கிடக்கிறது. வேலைக்கும் நீர் வேண்டும். சோற்றுக்கும் நீர் வேண்டும். அந்த நீர் எவ்வளவு? எங்கிருந்து வருகிறது? யாருக்கு எவ்வளவு என்று வகுத்தவர் யார்?

நிலத்துக்குப் புல எண் உண்டு. பட்டா உண்டு, சிட்டா உண்டு, அடங்கல் உண்டு. ஒரு சென்ட் நிலம் கைமாறினால் பத்திரப் பதிவு அலுவலகத்திலே அது ஏறுகிறது. அரசு நிலம் எடுக்கும்போது, தென்னை எத்தனை, மா எத்தனை, கிணறு எத்தனை என்று எண்ணி விலை வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கிணற்றுக்கு ஊறிவரும் நீருக்கு ஏட்டிலே இடம் இல்லை. நிலத்துக்குக் கணக்கு எழுதிய அரசுகள், நீருக்குக் கணக்கு எழுதவில்லை. இந்த வட்டாரத்தின் துன்பங்களுக்கெல்லாம் வேர் இதுவே என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல முற்படுகிறது.

முதலில் ஆற்றைப் பாருங்கள்.

தென்பெண்ணை, கருநாடகத்தின் சிக்கபள்ளாபூர் மாவட்டத்திலே நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஒசூருக்கு அருகே தமிழகத்தில் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையிலே தங்குகிறது. பின்னர் கிருஷ்ணகிரி அணை. அதற்கும் கீழே சாத்தனூர் அணை. அதற்கும் கீழே திருக்கோவிலூர் அணைக்கட்டு. இறுதியில் கடலூருக்கருகே கடல். நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்ற இந்த ஆறு, தன் வழியிலே இரண்டு மாநிலங்களையும் பல மாவட்டங்களையும் எண்ணற்ற ஏரிகளையும் ஒரே நூலில் கோக்கிறது. கிருஷ்ணகிரி அணையை 1957-இல் காமராசர் திறந்து வைத்தபோது, இந்த ஆற்றிலே மழைக்காலத்தில் செந்நிற வெள்ளம் வந்தது.

இன்று கெலவரப்பள்ளியில் என்ன வருகிறது? மதகு திறக்கும்போதெல்லாம் வெண்ணுரை வருகிறது. மலைபோல் எழுந்து, காற்றிலே பறந்து, பாலத்தின் மேல் படிந்து, வயலிலே இறங்குகின்ற நுரை. சோப்புத்தூளும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த நுரை. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் நிரம்பி வழிகின்ற கழிவுநீர், தட்சிண பினாகினியிலே கலந்து, எல்லை தாண்டி நம்மிடம் வருகிறது. அந்தப் பெல்லந்தூர் ஏரி, நீர் நிறைந்திருக்கும்போதே 2017-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீரைக் கொண்டு நெருப்பை அணைப்பதுதான் உலக வழக்கம். நீரே எரிந்தால் எதைக் கொண்டு அணைப்பது?

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு, ஊன்றிக் கவனியுங்கள். பெங்களூர், காவிரிக் கரையில் அமைந்த நகரம் அன்று. அந்நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்களால் ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர். குளித்து, துவைத்து, கழுவிய பின் அதன் ஒரு பகுதி கிழக்குச் சரிவிலே இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. ஆகவே, கெலவரப்பள்ளியில் வரும் கழிவிலே காவிரியும் இருக்கிறது! ஒரு சொட்டுக் காவிரிக்காக இரு மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்தின் படிகளில் ஏறி இறங்கின. நடுவர் மன்றம் 1990-இல் அமைந்து, 2007-இல் தீர்ப்புச் சொல்லி, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று இறுதியாக வகுத்தது. அந்தத் தீர்ப்பிலே பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. குடத்திலே ஏறும்போது சொட்டுச் சொட்டாக எண்ணப்பட்ட நீர், சாக்கடையாக மாறி வேறோர் ஆற்றில் இறங்கும்போது கீழே வாழும் உழவனுக்கு எவரும் கணக்குச் சொல்வதில்லை. எல்லை தாண்டி வந்தது எவ்வளவு, எவ்வளவு கெட்டு வந்தது என்று அவனுடைய ஊராட்சிப் பலகையில் ஒரு வரியும் எழுதப்படுவதில்லை.

நுரையைக் கண்டு சினம் கொள்ளும் நாம், அடுத்த உண்மையையும் பார்க்க வேண்டும். கோடையிலே தென்பெண்ணையில் ஓடுவதில் பெரும்பங்கு அந்தக் கழிவுநீர்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு உழவன் அதைத்தான் வாய்க்காலில் திருப்புகிறான். வேறு என்ன செய்வான்? 2018-இல் கருநாடக அரசு, பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் அளவுக்குக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்தைத் தொடங்கியது. கோலாரும் வறண்ட மாவட்டம். அங்கே வாழ்பவனும் நம்மைப் போன்ற உழவன். அவனுடைய ஏரி நிரம்புவதைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை. ஆனால், ஒரு படுகையின் நீரை மேலே திருப்பும்போது கீழே இருப்பவனைக் கேட்க வேண்டும் என்ற முறை எங்கே? அழுக்காக வந்தால் நமக்குக் கேடு. வராமலே நின்றால் அதுவும் கேடு. தூய்மையையும் அளவையும் தனித்தனி வழக்காக்கிப் பேசுகின்றவரை இந்த முடிச்சு அவிழாது.

கேட்கும் முறை ஒருகாலத்தில் இருந்தது. 1892-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளிலே, சென்னையின் முன் இசைவின்றி மைசூர் புதிய பாசன வேலைகளைத் தொடங்கக் கூடாது என்பது அதன் சாரம். தென்பெண்ணையும் அந்த ஆறுகளில் ஒன்று. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ப் பல்லாண்டு கடந்தன. அவன் எழுதிய தாளைத்தான் நாம் இன்றும் நீதிமன்றத்திலே நீட்டுகிறோம். தென்பெண்ணையின் துணையாறாகிய மார்க்கண்டேய நதியின் குறுக்கே, கோலார் மாவட்டம் யார்கோலில் கருநாடகம் அணை கட்ட முனைந்தபோது, தமிழகம் 2018-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2019 நவம்பர் 14 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்து, நடுவர் மன்றம் கோரி மத்திய அரசிடம் செல்லச் சொன்னது. தமிழகமும் சென்றது. பேச்சுவார்த்தைக் குழு அமைந்தது, கடிதங்கள் பறந்தன, அதற்குள் யார்கோலில் அணை எழுந்துவிட்டது. கட்டடம் நிற்கும் வேகத்துக்கும் நீதி நடக்கும் வேகத்துக்கும் எவ்வளவு தொலைவு!

நம் அரசியலமைப்பிலே நீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை முறைப்படுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1956-இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, ஆற்றுநீர்த் தகராறுகளுக்கான சட்டம். மற்றொன்று, ஆற்று வாரியச் சட்டம். முதலாவது, சண்டை வந்த பின் தீர்ப்பதற்கு; இரண்டாவது, சண்டை வராமல் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடுவதற்கு. முதல் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றங்கள் பல அமைந்தன. இரண்டாம் சட்டத்தின் கீழ் ஒரேயொரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. மருத்துவமனை கட்டாமல் மயானத்துக்கு மட்டும் பாதை போட்ட கதை இது.

இதுவரை மேலே பார்த்தோம். இனி நம்மையே பார்ப்போம். அண்டை வீட்டானைக் குறை சொல்லும் நாவுக்கு, சொந்த வீட்டு முற்றத்தையும் காட்டும் துணிவு வேண்டும்.

பாலாற்றங்கரையில் நடந்தது என்ன? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, 35,000 ஹெக்டேர் விளைநிலத்தை முழுதாகவோ பகுதியாகவோ பாழாக்கியது என்று 1996 ஆகஸ்டு 28 அன்று வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலே பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே ஈடு தர வேண்டும் என்ற நெறியை இந்திய நீதியில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. நொய்யலாற்றில் நடந்தது என்ன? உழவனுக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. அணையைக் கேட்டுப் பெற்ற உழவனே அதைத் திறக்காதே என்று கெஞ்ச நேர்ந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, தெருவில் நின்றவர்கள் தொழிலாளர்கள். முதலில் உழவனை அழித்து, பின்னர் தொழிலாளியையும் தெருவில் நிறுத்தியது கணக்கில்லாத வளர்ச்சி. இவை கருநாடகத்தால் வந்தவை அல்ல. நம் மண்ணிலே, நம் அரசுகளின் கண் முன்னே நடந்தவை.

ஒசூர் வட்டாரம் பெங்களூருக்குக் கீழே இருக்கிறது. ஆனால் சாத்தனூருக்கும் விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் மேலே இருக்கிறது. நாம் பெங்களூரைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்வியைக் கடலூர் உழவன் நாளை நம்மைப் பார்த்துக் கேட்பான். ஒசூர் 2019-இல் மாநகராட்சியாயிற்று. மாநகரம் வளர்ந்தால் சாக்கடையும் வளரும். அவனுக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கிறதா?

நிலத்தடி நீரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இந்த மாவட்டம் பாறை மண். மணற்படுகைபோல் நீரைத் தேக்கி வைக்காது. பாறை வெடிப்புகளில் தங்கியதுதான் உண்டு. ஆயிரம் அடிக்கும் துளை போடுகிறான் உழவன். கடன் வாங்கிப் போட்ட துளையில் புழுதி பறந்தால், அந்தக் குடும்பத்தின் அந்த ஆண்டு முடிந்தது. ஆழம் போகப் போக ஃபுளோரைடு வேறு. பல்லையும் எலும்பையும் அரிக்கும் அந்த நஞ்சிலிருந்து மீட்கவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் திறக்கப்பட்டது. குடிப்பதற்குக் காவிரியைக் கொண்டுவர வேண்டிய ஊரிலே, ஆலைக்கு நிலத்தடி நீரைத் தாராளமாக எடுக்கலாமா? தடுக்கச் சட்டம் எங்கே? தமிழகம் முழுமைக்குமாக 2003-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறை காணாமலே 2013-இல் அது விலக்கிக் கொள்ளப்பட்டது. பத்தாண்டு ஏட்டிலே உறங்கி, எழாமலே மாண்டது! நிலம் யாருடையதோ, அடியில் உள்ள நீரும் அவனுடையது என்ற ஆங்கிலேயர் காலத்து நெறியே ஆட்சி புரிகிறது. அந்த நெறியின்படி, அரை ஏக்கர் வைத்திருப்பவனும் அய்ந்நூறு ஏக்கர் வளைத்திருப்பவனும் சமம். எலிக்கும் யானைக்கும் ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டி, குடித்துக்கொள்ளுங்கள் என்பதற்குப் பெயர் சமத்துவமா?

2023-இல் தமிழகச் சட்டமன்றத்திலே நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, இடையிலே ஏரியோ ஓடையோ குறுக்கிட்டாலும், நிலத்தை ஒருங்கிணைத்துத் தர வழி செய்கிறது அது. நீர்நிலையைக் காக்க நிபந்தனைகள் உண்டு என்கிறார்கள். ஆனால் ஏரி என்பது கரை கட்டிய பள்ளம் மட்டும் அன்று. மழை விழும் மேடு, நீரைக் கூட்டிவரும் ஓடை, வரத்துக் கால்வாய், கலங்கல், அடுத்த ஏரிக்குச் செல்லும் உபரிநீர் வழி எல்லாம் சேர்ந்ததே ஏரி. மதிற்சுவருக்குள் ஓடையை அடைத்துவிட்டு, வெளியே ஏரியை அப்படியே வைத்திருக்கிறோம் என்பது, தொப்புள்கொடியை அறுத்துவிட்டுக் கருவைக் காப்பதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வானமும் பழைய வானமாக இல்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டு, விழுப்புரமும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூர் குடிநீருக்குத் தவித்தது. ஒரே ஆண்டு, ஒரே படுகை, தலையிலே தாகம், காலிலே வெள்ளம்! இடையிலே உள்ள ஏரிகள் உயிரோடு இருந்தால் அவை வெள்ளத்தைச் சற்றே வாங்கி, கோடைக்குச் சற்றே வைத்திருக்கும். ஏரியைத் தூர்த்தவன் வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கிறான்.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? ஐரோப்பாவிலே ரைன் ஆறு பல நாடுகளில் ஓடுகிறது. ஒன்றையொன்று இரண்டு முறை உலகப் போரில் தாக்கிக்கொண்ட நாடுகள், 1950-இலேயே அந்த ஆற்றைக் காக்க ஒரு கூட்டு ஆணையம் கண்டன. 1986-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ஒரு இரசாயனக் கிடங்கு தீப்பற்றி, நஞ்சு ஆற்றில் இறங்கி மீன்கள் செத்து மிதந்தபோது, அடுத்த ஆண்டே எல்லா நாடுகளும் ஒரே செயல்திட்டத்தை ஏற்றன. அழிந்துபோன சால்மன் மீன் மீண்டும் அந்த ஆற்றில் ஏறியது. தனித்தனிக் கொடியும் தனித்தனி இராணுவமும் வைத்திருக்கும் நாடுகளால் முடிந்தது, ஒரே அரசியலமைப்பின் கீழ் வாழும் இரு மாநிலங்களால் முடியாதா?

தொலைவில் தேட வேண்டாம், சென்னையைப் பாருங்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை உயர்தரத்துக்குச் சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் தரும் நிலையங்கள் அமைந்துள்ளன. ஒன்று ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை முதலிய தொழிற்பேட்டைகளுக்கும், மற்றொன்று மணலி ஆலைகளுக்கும் நீர் வழங்குகின்றது. நகரத்தின் சாக்கடை ஆலையின் நீராகிறது. குடிநீர் குடிமக்களுக்கு எஞ்சுகிறது. சென்னைக்குத் தக்க வழி, ஒசூருக்கும் சூளகிரிக்கும் ஏன் தகாது?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. நந்தி மலை முதல் கடலூர் வரை தென்பெண்ணைக்கு ஓர் ஆற்று வாரியம், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைய வேண்டும். அதிலே மேல்மடை உழவனும் கடைமடை உழவனும் உட்கார வேண்டும். எல்லையிலே நீரின் அளவும் தரமும் நாள்தோறும் அளக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். நிலத்தடி நீருக்குச் சட்டம் வேண்டும். அதிலே குடிநீர் முதல், சிறு உழவன் இரண்டாவது, பேராலை பிறகு என்ற வரிசை வேண்டும். புதிய தொழிற்பேட்டை எதுவாயினும், நிலத்துக்கு அறிவிக்கை வெளியிடும் முன்பே நீர்க் கணக்கு கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்: எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், எந்த ஓடை மறையும் என்று. நீர்க் கணக்குச் சரியாக உள்ள ஆலைக்கு நாம் பூரணகும்பம் ஏந்துவோம். கணக்குக் காட்டாத ஆலை எவ்வளவு வேலை தருவதாகச் சொன்னாலும், அந்த வேலையின் ஆயுள் எத்தனை ஆண்டு என்று திருப்பூரைக் காட்டிக் கேட்போம்.

தோழர்களே! கோரிக்கை எழுதுவது எளிது. அரசு கணக்கு எழுதும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஏரியின் பெயரும் பரப்பும் வருவாய்ப் பதிவேட்டில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வரத்துக் கால்வாய் நெடுகிலும் ஒருநாள் நடந்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறியுங்கள். எத்தனை ஆழ்குழாய், எத்தனை அடி, எது வற்றியது என்று தெருத் தெருவாக எழுதுங்கள். முதியோர்களைக் கேளுங்கள், எந்த ஆண்டு கலங்கல் பாய்ந்தது என்பதை எந்த அலுவலகமும் மறந்திருக்கும், அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் சுமக்கும் பெண்களைக் கேளுங்கள். குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைவிடத் துல்லியமான அளவுகோல் இல்லை. அந்த ஏட்டை அடுத்த கிராம சபையிலே உரக்கப் படித்துத் தீர்மானமாக்குங்கள். மாலூரிலும் ஆனேக்கல்லிலும் உள்ள கன்னட உழவரிடமும் அதைக் காட்டுங்கள். அவருடைய ஆழ்குழாயிலும் புழுதிதான் பறக்கிறது. அவரை எதிரியாக்கிக் காட்டி வாக்குக் கேட்பவர்கள் இரு பக்கமும் உண்டு. இரு பக்கத்து உழவனும் ஒரே ஏட்டைப் புரட்டத் தொடங்கினால், அந்த வாணிபம் நடக்காது.

வள்ளுவர், கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். மன்னனுக்கும் அமைச்சனுக்கும் படைக்கும் பொருளுக்கும் முன்னால் மழையை வைத்தார். ஆட்சியின் வரிசை அதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நிலத்தை அளக்கும் சங்கிலி உத்தனப்பள்ளியில் வைக்கப்படும் முன், நீரை அளக்கும் கோல் அங்கே நடப்படட்டும். அந்தக் கோலை நடும் முதற் கை உங்களுடையதாக இருக்கட்டும்!